குசினியோரத்துச் செவ்வரத்தைகள்

இந்த விவசாயத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மருந்தின் அளவையும் கலக்கும் முறையையும் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. செடிகள் சுருண்டு நிற்கும் ஒரு வீட்டு வளவுக்குள் நீங்கள் நுழையும்போது, உங்களுக்கு முன்பே ஒரு தீர்ப்பு அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். குற்றவாளி யார் என்பது முடிவாகியிருக்கும். படித்தவர் என்ற முறையில் நீங்கள் ஒருமுறை தலையசைக்க வேண்டும். அவ்வளவுதான் உங்களிடம் எதிர்பார்க்கப்படும். அந்தத் தலையசைப்பைத் தள்ளிப்போடுவது எவ்வளவு கடினம் என்பதை ஒரு பிற்பகலில் நான் அறிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மட்டக்களப்புப் பக்கத்து வயல்களில் களைநாசினி அடிக்கும் வழக்கம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. கோரையையும் அகன்ற இலைக் களைகளையும் கொன்றுவிட்டு, புல்லினத்தைச் சேர்ந்த நெல்லை மட்டும் விட்டுவிடும் மருந்து. தலைமுறை தலைமுறையாக இடுப்பொடியக் களை பிடுங்கியவர்களுக்கு அது அதிசயமாகத் தெரிந்தது. ஆனால் அந்த அதிசயத்துக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. களை பிடுங்கும் கூலியை நம்பியிருந்த பெண்களுக்கு வட்டையில் வேலை குறைந்துகொண்டே வந்தது. வட்டை என்று அங்கே வயல்வெளியைச் சொல்வார்கள்.

அப்படி வேலை இழந்தவர்களில் ஒருவர் திரேசம்மா. கணவர் வாவியில் மீன் பிடிப்பவர். புளியந்தீவுக்கு எதிர்க்கரையில், வாவியோரத்து ஊரொன்றில் அவர்களுடைய வளவு. வயல் கூலி நின்றுபோன பிறகு திரேசம்மா பூஞ்செடி வளர்த்து விற்கத் தொடங்கினார். மண்சட்டிகளிலும், பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரங்களிலும் செவ்வரத்தை எனப்படும் செம்பருத்தி, குரோட்டன், போகன்விலா, நந்தியாவட்டை என்று வரிசை வரிசையாக நிற்கும். அந்த ஆண்டு, அயலில் புதிதாகக் கட்டி முடித்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் முற்றத்துக்கும் நடைபாதைகளுக்கும் வேண்டிய செடிகளை அவரிடமே கேட்டிருந்தார்கள். திறப்பு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இதைச் சரியாகக் கொடுத்தால் இனி வரும் கட்டடங்களுக்கும் அவரைத் தேடி வருவார்கள். தவறினால் செடிகள் கொழும்பிலிருந்து லொறியில் வரும், திரேசம்மாவுக்குத் திரும்பிப் போக வட்டையிலும் வேலை இருக்காது.

செடிகள் ஒரேயடியாகச் சுருளுகின்றன என்று ஆள் வந்து சொன்னபோது நான் சைக்கிளில் புறப்பட்டேன். கச்சான் காற்று வீசும் காலம். மேற்கிலிருந்து வரும் அந்த வெக்கைக் காற்றில் ஈரத்துணி கண்முன்னே காயும்.

வளவுக்குள் ஊரில் பாதி நின்றது. கணவருடைய ஆட்கள் வேலியோரத்தில் கைகளைக் கட்டியபடி நின்றார்கள். திரேசம்மா மட்டும் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார். பூவாளியைத் தொட்டியில் அமிழ்த்தி நிரப்புவதும், செடிகளுக்கு ஊற்றுவதும், மறுபடி தொட்டிக்கு ஓடுவதுமாக இருந்தார்.

"ஐயா வந்திட்டார்," என்றது ஒரு குரல். "இனி அவரே சொல்லட்டும். வட்டைக்கு அடிச்ச மருந்து காத்தில வந்ததுதானே?"

திரேசம்மா நிற்காமலே சொன்னார்: "காத்துத்தான் ஐயா. வேற என்ன? போடியாற்ற வட்டை இந்தா மேற்கால கிடக்கு. போன கிழமை மருந்தடிச்சது. அண்டைக்கும் கச்சான். என்ட புள்ளையள் மாதிரி வளத்ததுகள், கழுத்து முறிஞ்சு நிக்குதுகள், பாருங்க."

பார்த்தேன். செவ்வரத்தையின் நுனிகள் பாம்பு போல் வளைந்து நிலத்தை நோக்கின. குரோட்டனின் காம்புகள் தொய்ந்திருந்தன. இளம் இலைகள் கிண்ணம் போல் குவிந்திருந்தன. தண்டின் அடியில் சிறு வீக்கங்கள். அதே தகரங்களில் முளைத்திருந்த அறுகம்புல் மட்டும் செழிப்பாக நின்றது. பிடுங்க வேண்டியது நிமிர்ந்து நிற்க, விற்க வேண்டியது முறுகிக் கிடந்தது. வயல் களைநாசினியின் வேலைதான் இது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சந்தேகம் இல்லாமல் போன அந்தக் கணத்தில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்துவிட்டால், எப்படி வந்தது என்பதும் தெரிந்துவிட்டதாக மனம் நினைத்துக்கொள்ளும்.

அந்த நேரத்தில் போடியாரே வந்து சேர்ந்தார். வட்டைக்குச் சொந்தக்காரர்; பெரிய நிலக்காரரைப் போடியார் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெரிய உடம்பு, கையில் மடித்த குடை. தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு வந்திருந்தார்.

"என்னகா திரேசு, என்னைக் கொலைகாறன் எண்டு ஊரெல்லாம் சொல்றியாம்?"

"நான் ஒண்டும் சொல்லல்ல போடியார். செடி சொல்லுது."

"கச்சானை நானா கட்டி வளக்கிறன், அவிட்டு உட?"

வேலியோரத்தில் இருந்து ஒருவர், "மருந்தை ஆர் அவிட்டு உட்டது?" என்று கேட்டார். இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். போடியார் குடையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க படிச்ச ஆள். ஓம் எண்டாலும் சொல்லுங்க, இல்லை எண்டாலும் சொல்லுங்க. மறுகா நடக்கிறத நாங்க பாத்துக்கொள்றம்."

பிறகு நடக்கப்போகும் அந்த "மறுகா நடக்கிறது" என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஊரில் வாவித் தொழிலாளரும் வட்டைக்காரரும் முன்பே உரசிக்கொண்டவர்கள். நான் ஓம் என்றால் அன்று மாலைக்குள் யாருடைய மண்டையாவது உடையும். இல்லை என்றால், பெரிய மனிதர் பக்கம் சாய்ந்த உத்தியோகத்தன் என்று என்னைச் சொல்வார்கள். ஆனாலும் செடிகளின் நிலைமை அந்த இரண்டு சொற்களுக்கும் காத்திருக்கவில்லை. எப்படி வந்தது என்று தெரியாமல் எதைச் செய்து அவற்றைக் காப்பாற்றுவது?

நேரம் எடுப்பதற்காகவே மேற்கு வேலியை நோக்கி நடந்தேன் என்று சொன்னால் அதில் பாதி உண்மை. வேலியை ஒட்டி ஒரு பப்பாசி மரம் நின்றது. இந்த வகை மருந்தின் வாடை பட்டாலே பப்பாசியின் இலை சுருங்கி நார் நாராகிவிடும். வட்டையிலிருந்து வரும் காற்று முதலில் முட்டுவது அந்த மரத்தில்தான். அதன் இலைகள் ஒவ்வொன்றும் விரித்த கைபோல் ஒழுங்காக நின்றன.

திரும்பி நடந்தபோது சமையல் நடக்கும் குசினிச் சுவரோரம் இன்னொரு வரிசையைக் கண்டேன். அதே வயதுச் செவ்வரத்தைகள், அதே மண், அதே தகரங்கள். ஒன்றுகூட வளையவில்லை. ஒரு செடியில் மொட்டு விரிந்திருந்தது.

"இதுகளுக்கு என்ன வித்தியாசம்?"

"ஒண்டுமில்லையே ஐயா, எல்லாம் ஒரே நாளில நட்டதுதான்," என்றார் திரேசம்மா. சொல்லிக்கொண்டே பூவாளியை மறுபடி தொட்டிக்குள் அமிழ்த்தினார். "குசினிக்குக் கிட்ட நிக்கிறதால அரிசி கழுவின தண்ணி ஊத்துவன். அங்கால நிக்கிறதுகளுக்குத்தான் தொட்டித் தண்ணி."

"ஊத்தாதீங்க!"

நான் கத்திவிட்டேன். ஓடிப்போய் அவர் கையிலிருந்த பூவாளியைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊர்ப்பெண் ஒருவரின் கையிலிருந்ததை ஓர் உத்தியோகத்தன் பறிப்பதை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

"இந்தத் தொட்டிக்குள்ள ஆர் என்ன போட்டது?"

கூட்டத்தின் பின்பக்கம் நின்ற சவரிமுத்து மெதுவாக முன்னால் வந்தார். திரேசம்மாவின் தம்பி. போடியாருடைய வட்டைக்கு மருந்தடிக்கும் கூலி வேலை அவருடையது.

"நான் மருந்தடிக்கிற மெசின் கழுவினனான்," என்றார்.

"எதுக்குள்ள?"

"தொட்டிக்குள்ளதான். வட்டைக்கு அடிச்சு முடிச்சு வந்து, மெசினைத் தொட்டிக்குள்ள கவிட்டுக் கழுவினன். அடியில மிச்சமா ஒள்ளுப்பம் மருந்தும் கிடந்தது."

"வாவியில கழுவியிருக்கலாமே?" என்று கேட்டது போடியார்.

சவரிமுத்து தலை நிமிர்ந்தார். "எப்படிப் போடியார்? வாவியிலயும் வாய்க்காலிலயும் மருந்து மெசின் கழுவப்படாது எண்டு எங்கட ஊர்க் கட்டு கிடக்கெல்லோ. மீன் செத்தா ஆர் பதில் சொல்றது? நம்மட வீட்டுத் தொட்டி எண்டா ஒருத்தருக்கும் கெடுதியில்லை எண்டு நினைச்சன். நெல்லுக்கு ஒண்டும் செய்யாத மருந்து, செடிக்கு என்ன செய்யும்? தகரத்துக்குள்ள முளைச்ச புல்லாவது சாகட்டும் எண்டு நினைச்சன்."

அவர் சொன்ன கட்டு உண்மையானது. மீன்பிடிப்பவர்கள் கூடி, தங்கள் வாவியைக் காப்பதற்காக எடுத்த முடிவு. நல்ல முடிவும்கூட. சவரிமுத்து அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். எங்கே கழுவக் கூடாது என்று அந்தக் கட்டு சொல்லியது. எங்கே கழுவலாம் என்று சொல்லவில்லை. களையையும் பயிரையும் அந்த மருந்துக்குப் பிரித்தறியத் தெரியும் என்று அவர் நம்பினார். அது பிரிப்பது புல்லையும் புல்லல்லாததையும் மட்டும். எங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது அதற்குத் தெரியாது.

திரேசம்மா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. "மீனுக்கெல்லாம் இரக்கப்பட்டவன்," என்றார் தம்பியைப் பார்க்காமல். பிறகு தன் கைகளைப் பார்த்தார். "அவன் ஒருக்காத்தான் ஊத்தினவன். நான்தான் ஐயா நாளுக்கு நாள் ஊத்தியிருக்கன். வாடுது வாடுது எண்டு கூடக் கூட ஊத்தியிருக்கன்."

காற்று ஓயவில்லை. கச்சானில் ஒரு தகரத்து மண் அரை நாளில் உலர்ந்துவிடும். தொட்டித் தண்ணீரை ஊற்றினால் நஞ்சு, ஊற்றாமல் விட்டால் வறட்சி. மண்ணில் ஏறியதைக் கழுவி வெளியேற்ற வேண்டுமானால் இன்னும் நிறையத் தண்ணீர் வேண்டும், அதுவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கிணறு தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் கிணற்றுக்கட்டின் அடியில்தான் ஊறியது.

"கிணத்துத் தண்ணியையும் இப்போதைக்குத் தொடாதீங்க," என்றேன். "குடிக்கவும் வேண்டாம்."

அப்போதுதான் எல்லாருடைய முகமும் மாறியது. அதுவரை அது செடிகளின் கதையாக இருந்தது.

"நாங்க குடிச்சிட்டமே ஐயா," என்றார் திரேசம்மா. "ஒண்டும் செய்யுமா?"

இளையவர்களே, இந்தக் கேள்வி உங்களிடமும் ஒருநாள் கேட்கப்படும். ஒன்றும் செய்யாது என்று சொல்ல நாக்கு துடிக்கும். கிணற்றில் கலந்திருந்தாலும் மிகக் கொஞ்சமாகவே இருக்கும் என்று நான் எண்ணினேன். ஆனால் எண்ணுவது வேறு, அறிவது வேறு. "எனக்குத் தெரியாது," என்றேன். "கலந்ததா என்பதே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, சில நாள் எடுக்கும். அதுவரைக்கும் வேறு தண்ணீர் குடியுங்கள். வயிற்றுக்கோ தலைக்கோ ஏதாவது செய்தால் உடனே டொக்டரிடம் போங்கள், இந்த மருந்தின் பெயரையும் சொல்லுங்கள்." பெயரைச் சவரிமுத்துவை இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டேன்.

தண்ணீருக்கு என்ன வழி என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தபோது போடியார் தொண்டையைச் செருமினார்.

"என்ட வாடிக் கிணத்தில தண்ணி கிடக்கு. வண்டிலில பீப்பா வெச்சு அனுப்புறன்."

"அவர்ட தண்ணி எனக்கு வேணாம்," என்றார் திரேசம்மா.

"ஏன்கா? இவ்வளவு நேரமும் என்ட காத்து நஞ்சு எண்டாய், இப்ப தண்ணியும் நஞ்சா?"

அவர் கேலியாகக் கேட்டது என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது. அந்தக் கிணறு வட்டையின் ஓரத்தில், வயற்காவலுக்குப் போட்ட வாடிக் கொட்டிலின் பக்கத்தில் இருந்தது. மருந்தடித்த வயலுக்கு எவ்வளவு கிட்ட? ஒரு நஞ்சுத் தண்ணீரைக் கழுவ இன்னொன்றைக் கொண்டுவந்து ஊற்றுகிறேனா? சோதித்துப் பார்க்க நாள் வேண்டும், செடிகளோ மாலை வரைகூடத் தாங்கா. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாடிக்குப் போனேன். கிணற்றை எட்டிப் பார்த்து என்ன தெரியப் போகிறது? அதைச் சுற்றி என்ன வளர்கிறது என்று பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஒரு மரக்கறிப் பாத்திக்குக் கட்டியிருந்தார்கள். பயற்றங்கொடிகள் கம்புகளில் ஏறி நின்றன. அவற்றின் தளிர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூட முறுகவில்லை. என்னிடம் இருந்த சாட்சி அவ்வளவுதான். அதை நம்பி வண்டிலைக் கட்டச் சொன்னேன். வரும் வழியெல்லாம் இந்த முடிவு பிழைத்தால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

செடிகளை அங்கேயே வைத்துக் கழுவ முடியாது. கழுவிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே போகும். கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, வளவின் மேட்டு மூலையில், புல் மட்டும் வளரும் மணலில் கொண்டுபோய் வைத்தோம். சண்டைக்கு வந்தவர்களே தூக்கினார்கள். தகரம் கனமாக இருந்ததால் வாய் ஓய்ந்தது. ஒவ்வொன்றிலும் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித் துளைகளால் வடியவிட்டு, மறுபடி ஊற்றினோம். தொட்டியில் மிஞ்சியிருந்ததையும் அதே மணலுக்கு இறைத்து வெறுமையாக்கினோம். மிகவும் முறுகிய நுனிகளைத் திரேசம்மா தானே வெட்டினார். சவரிமுத்து எல்லாரையும்விட அதிகமாகத் தூக்கினார். அக்காவும் தம்பியும் அன்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பிறகு பயற்றை விதைத்தோம். திரேசம்மாவின் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய நல்ல மண்ணில் சில விதை. கழுவிய தகரங்கள் ஒவ்வொன்றிலும், செடியின் அடியோரம் ஒரு விதை. பயற்று முளை பொய் சொல்லாது. மண்ணிலோ தண்ணீரிலோ அந்த மருந்து இருந்தால், வெளியே வரும்போதே முறுகிக்கொண்டு வரும். இதைச் சொன்னபோது போடியார், "இனி எங்களுக்குச் சாட்சி சொல்றது பயறு," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

முளைக்கும்வரை காத்திருந்த அந்த நாட்களை நான் விரும்பி நினைப்பதில்லை. அலுவலகத்தில் வேறு வேலை ஓடவில்லை. அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று செய்தி வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கிடையில் நான் திரேசம்மாவின் வளவில் நின்ற ஒரு நாள், ஆஸ்பத்திரிக் கட்டட வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் வந்துவிட்டார். குழிகள் வெட்டி முடித்தாயிற்று, செடிகளை அனுப்புங்கள் என்றார். நுனி வெட்டாமல் விட்ட செடிகள் பார்வைக்குப் பச்சையாகவே நின்றன.

"இதுகளுக்கென்ன, நல்லாத்தானே நிக்குது. திறப்பு முடியும் வரைக்கும் பச்சையா நிண்டாக் காணும்."

"இதில் எவை பிழைக்கும் என்று இன்னும் தெரியாது," என்றேன்.

"கம்பஸில படிச்சிட்டு வந்த நீங்களே தெரியாதெண்டா, ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

திரேசம்மா இடையில் வந்தார். "ஐயாவை ஏன் கேக்கிறீங்க? செடி என்டது. அனுப்பலாம், ரெண்டு கிழமையில எல்லாம் சாகும். நோயாளியள் சன்னலால பாத்துக்கொண்டு படுத்திருக்க, முன்னுக்குச் செடி செத்துக்கொண்டு நிக்கிறதா? சாகிறதொண்டை ஆஸ்பத்திரிக்கு நான் குடுக்கமாட்டன்."

முளைகள் வந்த காலையில் நான் விடிந்தவுடன் போனேன். கிணற்றுத் தண்ணீர்ப் பயறு முதலில். அது நேராக நின்றது. திரேசம்மா அதைப் பார்த்துவிட்டு மார்பில் சிலுவைக் குறியிட்டுக்கொண்டார். தகரங்களில் பாதிக்கு மேல் முளைகள் நேராக இருந்தன. மற்றவற்றில் கொக்கிபோல் வளைந்து வந்திருந்தன. அந்தத் தகரங்களில் நின்ற சில செவ்வரத்தைகள் மற்றவை போலவே பச்சையாக இருந்தன. அவற்றையும் வரிசையிலிருந்து விலக்கினோம்.

போடியாரின் வண்டிலில் செடிகள் ஏறின. பயறு நேராக நின்ற தகரங்களும், குசினிச் சுவரோரத்து வரிசை முழுவதும். கேட்ட தொகைக்கு அது போதவில்லை. திறப்பு நாளன்று ஆஸ்பத்திரி முற்றத்தில் வெறும் குழிகள் பல வாய் திறந்தபடி கிடந்தன. ஓவசியர் அவற்றைக் காட்டிக் காட்டிப் பேசினார். "மழை தொடங்கட்டும்," என்று மட்டும் சொன்னார் திரேசம்மா. அவரை மறுபடி அழைப்பார்களா என்பது அன்று யாருக்கும் தெரியாது.

விலக்கி வைத்த செடிகளின் அடியில் இரண்டு முறை, மூன்று முறை பயறு முளைத்தது. ஒவ்வொரு முறையும் வளைவு குறைந்தது. மழைக்கு முன் வந்த முளைகள் நேராக நின்றன. சில செடிகள் செத்தன. மற்றவற்றைச் சவரிமுத்து தலையில் சுமந்துபோய் அந்த வெறும் குழிகளில் நட்டார். முதலில் நட்டவை ஒன்றும் சாகாமல் நின்றதைப் பார்த்த பிறகு ஓவசியரும் பேச்சைக் குறைத்தார். அடுத்த கட்டடத்துக்குச் செடி கேட்டு ஆள் வந்தபோது, லொறி பற்றி யாரும் பேசவில்லை.

ஊர்க் கட்டிலும் ஒரு வரி கூடியது. மருந்து மெசினை வாவியிலும் வாய்க்காலிலும் கழுவக் கூடாது. கிணறும் தொட்டியும் இல்லாத இன்ன மேட்டில், இன்ன குழியில் கழுவ வேண்டும். இடம் கொடுத்தது போடியார். நீங்கள் எதைத் தடுத்தாலும், அதற்குப் பதில் எங்கே, எப்படி என்று சொல்லாமல் அந்த வளவை விட்டு வராதீர்கள். தடையை மதித்து நடக்கும் நல்ல மனிதர்தான், சொல்லாமல் விட்ட அந்த வெற்றிடத்தில் போய் விழுவார்.

அந்தப் பகுதியிலிருந்து மாற்றலாகிப் போகுமுன் விடைபெறுவதற்குத் திரேசம்மாவின் வளவுக்குப் போனேன். தொட்டியின் விளிம்பில் ஒரு சிறிய தகரம் இருந்தது. அதில் ஒரு பயற்றங்கொடி. தொட்டிக்குப் புதுத் தண்ணீர் இறைத்தால் முதலில் அதற்குத்தான் ஊற்றுவார்களாம். அது மறுநாளும் நிமிர்ந்து நின்றால்தான் பூவாளி மற்ற வரிசைகளுக்குப் போகும். கொடி காய்ந்தால் அடுத்த விதையைப் போடுவது சவரிமுத்துவின் வேலை.

திரேசம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது என் கண் என்னை அறியாமலே தொட்டிப் பக்கம் திரும்பியது. அவர் கண்டுகொண்டார்.

"குடிங்க ஐயா," என்றார். "நான் விடியவே பாத்திட்டன். நேராத்தான் நிக்குது."